முகத்தைக் கெடுத்தது ரெட்டினாயிடா, கூட இருந்த ஸ்டீராய்டா?

கேள்வி: எனக்கு 31 வயது. கன்னத்தில் மங்கு வந்ததால், தோழி சொன்ன க்ரீமை மருந்துக்கடையில் வாங்கி நான்கு மாதம் பூசினேன். டாக்டர் சீட்டு கேட்கவே இல்லை. முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது வெயில் பட்டால் எரிகிறது, கன்னத்தில் நூல் போலச் சிவப்பு நரம்புகள் தெரிகின்றன. பூசாமல் விட்டால் இரண்டே நாளில் முகம் சிவந்து கொதிக்கிறது. ட்யூபில் ட்ரெட்டினாயின் என்று போட்டிருக்கிறது. அது வைட்டமின் ஏ சார்ந்த ரெட்டினாயிடு வகை மருந்தாம். ரெட்டினாயிடு தோலை மெலிய வைத்துவிடும் என்கிறார்களே, உண்மையா? ஆன்லைனில் வாங்கிய ரெட்டினால் சீரத்தையும் தூக்கிப் போட்டுவிடவா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த ட்யூபை எடுத்து, பெயருக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தை முழுவதும் படியுங்கள். ட்ரெட்டினாயினோடு, கருமையை வெளுக்கும் ஹைட்ரோகுவினோனும், மொமெட்டசோன் அல்லது ஃப்ளூசினோலோன் போன்ற ஒரு பெயரும் இருக்கும் என்றே நினைக்கிறேன். அந்த மூன்றாவது பெயர்தான் ஸ்டீராய்டு. சிவப்பு நரம்பும், நிறுத்தினால் கொதிப்பதும் அந்த ஸ்டீராய்டு விட்டுச்செல்லும் அடையாளங்கள். இந்த மூன்று மருந்துக் கலவை மங்குக்கு நல்ல மருந்துதான். ஆனால் தோல் மருத்துவர் பார்வையில், சில வாரங்களுக்கு மட்டும். நான்கு மாதம் பூசும் அழகு க்ரீம் இல்லை அது.

ட்ரெட்டினாயின் மேல்தோலின் இறந்த செல் அடுக்கைத்தான் இறுக்கி மெல்லியதாக்கும். அதற்குக் கீழே உயிருள்ள அடுக்கு தடிக்கும், நாள்பட, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதமும் கூடும். உள்தோலை நிஜமாகவே மெலிய வைப்பது ஸ்டீராய்டு. பழி மட்டும் ரெட்டினாயிடு மேல் விழுகிறது.

அதற்காக ரெட்டினாயிடு சாது என்றும் சொல்லமாட்டேன். முதல் சில வாரங்கள் வறட்சி, உரிதல், எரிச்சல் வருவது சகஜம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்த எரிச்சலைப் பொருட்படுத்தாமல் பூசிக்கொண்டே போனால், அது ஆறும் இடத்தில் கருமை படியும். மங்கைப் போக்க வாங்கியது புதுக் கறுப்பைக் கொண்டுவந்து விடும். பூசுகிற இடத்தில் வாக்ஸிங் செய்தால் தோலே பிய்ந்து வரலாம். கருவுற்றிருந்தாலோ, கருத்தரிக்கத் திட்டமிருந்தாலோ தொடவே வேண்டாம்.

சரி, சீரம். ரெட்டினாலும் ரெட்டினாயிடு வகைதான். ஆனால் அது தோலுக்குள் போய் இரண்டு படி மாறிய பிறகுதான் ட்ரெட்டினாயின் ஆகிறது, அதனால் வீரியம் குறைவு. எத்தனை சதவீதம் என்று பாட்டிலில் போட்டிருக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த விதிப்படி முகத்துக்கான பொருளில் ரெட்டினால் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அளவே போடாத பாட்டிலை நான் வாங்கமாட்டேன். உங்கள் சீரத்தைத் தூக்கிப் போட வேண்டாம், மூடி வையுங்கள். இப்போதிருக்கும் முகத்துக்கு அது வேண்டாம். முகம் முழுதாக ஆறி, மருத்துவரும் சரி என்றால், வாரம் இரண்டு இரவு, பட்டாணி அளவு போதும், காலையில் சன்ஸ்க்ரீன் கட்டாயம்.

க்ரீம் விஷயத்தில் தாமதிக்காதீர்கள். ட்யூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்றே தோல் பிரிவு இருக்கிறது. கொதிப்பைப் பார்த்துப் பயந்து மறுபடி அதையே பூசுவதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். எப்படி விடுவது, இடையில் என்ன பூசுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

அப்புறம், கடை. முகத்தில் பூசும் ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்க இருந்த விலக்கை மத்திய அரசு 2018-இல் எடுத்துவிட்டது. சீட்டு கேட்காமல் கொடுத்தது கடைக்காரர் செய்த தவறு, உங்களுடையது அல்ல. ட்யூபின் பேட்ச் எண்ணைப் படம் எடுத்து, பில்லோடு வைத்துக்கொண்டு, மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மருந்தால் வந்த பாதிப்பைத் தெரிவிக்க 1800 180 3024 என்ற இலவச எண் இருக்கிறது. நுகர்வோர் உதவிக்கு 1915. பில் வாங்கவில்லை என்றால், ஜிபே போன்ற செயலியில் பணம் கட்டிய பதிவையாவது தேடி எடுத்து வையுங்கள்.