டாக்டரிடம் கஷாயத்தையும் சொல்லுங்கள்

சிறுநீரகம் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று இரண்டு இதழ்களுக்கு முன் எழுதியிருந்தேன். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, வேதாரண்யம் என்று டெல்டா முழுக்கக் கடிதம் வந்திருக்கிறது. பல கடிதங்களில் உண்மையான கேள்வி கடைசி வரியில்தான் இருந்தது: "நாட்டு மருந்தும் சேர்த்துச் சாப்பிடுகிறோம், டாக்டரிடம் சொல்லவில்லை." அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்த முறை அதிக இடம்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 54 வயது. நெல்லும் வாழையும் போடுகிறோம். 12 வருடமாகச் சுகர். போன மாதம் டெஸ்ட் எடுத்ததில் கிரியேட்டினின் 2.8. நாத்தனார் சொன்னதால் தினமும் காலையில் வாழைத்தண்டுச் சாறு, மதியம் ஒரு இளநீர் கொடுக்கிறேன். ஒரு ஆயுர்வேத நிலையத்தில் மூன்று மாதத்தில் கிரியேட்டினினை இறக்கித் தருகிறோம், ஆனால் மற்ற மாத்திரைகளை எல்லாம் நிறுத்த வேண்டும் என்கிறார்கள். சேர்க்கலாமா?
– வாசகி, திருவையாறு

பதில்: அம்மா, சாற்றையும் இளநீரையும் இன்றைக்கே நிறுத்துங்கள். காரணத்தை அப்புறம் படிக்கலாம்.

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. 54 வயது ஆணுக்கு அது 2.8 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறக்குறைய 26 என்று கணக்கு வரும். 15-லிருந்து 29 வரை சிறுநீரக நோயின் நான்காம் நிலை. இந்த நிலையில் பொட்டாசியத்தை வெளியேற்றும் வேகம் குறைந்துவிடும், போதாததற்கு அவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரை டெல்மிசார்டன் வகையாக இருந்தால் அதுவும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். ஒரு இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். ஒரு நாளைக்கே 2000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்லும் நோயாளிக்கு அதுவே கால் பங்கு. வாழைத்தண்டும் பொட்டாசியம் நிறைந்ததுதான்.

போன சித்திரையில் ஒரு பெரியவரை வேனிலிருந்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் இரண்டும் துவண்டு போயிருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது. ஈசிஜி எடுத்தால் அலைகள் கோபுரம் மாதிரி கூராக நிமிர்ந்து நிற்கின்றன. பொட்டாசியம் 7.2. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், ஆறைத் தாண்டினால் இதயம் எந்த நிமிடமும் நின்றுபோகலாம். அவருடைய மகள் அழுதுகொண்டே, "சாறும் இளநீரும் தவிர புதுசா எதுவும் குடுக்கல டாக்டர், எல்லாம் இயற்கைதானே" என்றார். அன்றிரவே டயாலிசிஸ் செய்து காப்பாற்றினோம். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர் அப்பாவின் மேல் உள்ள அக்கறையில்தான் செய்தார். வாழைத்தண்டு கல்லடைப்புக்கு வழிவழியாகச் சொன்ன வைத்தியம், அதுவும் சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு. கல் வேறு, செயலிழப்பு வேறு. ஊரில் இரண்டையும் "கிட்னி பிரச்சினை" என்ற ஒரே பெயரில் சொல்வதால்தான் இந்த விபரீதம்.

அடுத்து அந்த மூன்று மாத வாக்குறுதி. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. கறி மீனை நிறுத்தி, கஞ்சி மட்டும் கொடுத்து ஆளை இளைக்க வைத்தால் சிறுநீரகம் துளிகூடத் தேறாமலே ரிப்போர்ட்டில் அந்த எண் இறங்கும். இன்னொன்றையும் சொல்கிறேன், இது முக்கியம். சிறுநீரகம் மோசமாக மோசமாக இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், அதனால் சுகர் தானாகக் குறையும். "கஷாயத்தில் சுகரே போய்விட்டது" என்று சந்தோஷமாக வந்து சொன்னவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான்.

பிரஷர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் மொத்தமாக நிறுத்தச் சொல்லும் இடத்துக்கு, அது எந்த மருத்துவமாக இருந்தாலும், போகாதீர்கள். அவருடைய மீதி 26-ஐப் பிடித்து நிறுத்தி வைப்பதே 130-க்கு 80-க்குள் இருக்கும் பிரஷரும், கட்டுக்குள் இருக்கும் சுகரும், இப்போது வந்திருக்கும் டாபாகிளிஃப்ளோசின் மாதிரியான மாத்திரைகளும்தான். எது அவருக்கு ஏற்றது என்பதை உங்கள் டாக்டர் சொல்வார்.

அப்படியானால் ஆயுர்வேதமே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. பசியின்மை, மலச்சிக்கல், தூக்கமின்மை, மூட்டுவலி, தோல் அரிப்பு என்று இந்த நோயாளிகள் படும் அன்றாட அவதிகள் பலவற்றுக்கு, படித்துப் பட்டம் பெற்ற ஆயுர்வேத, சித்த மருத்துவர்களால் உதவ முடியும். உணவு, உறக்கம், நடை என்று அவர்கள் உட்கார்ந்து கேட்கும் அளவு நேரம் எங்களுக்குக் கிடைப்பதில்லை, இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சில பொருள்கள் கூடவே கூடாது. ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ள செடிகள். 1990-களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சாப்பிட்ட மாத்திரையில் இந்த இனத்து மூலிகை கலந்து நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் போனது. நாயுருவி உப்பு, வாழைச் சாம்பல் உப்பு மாதிரியானவை பெரும்பாலும் பொட்டாசியம்தான். பாதரசம், ஈயம் சேர்ந்த பற்பம், செந்தூரம் வேண்டாம். 2022-ல் ஒரு ஆய்வு வெளியானது. சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகை நோய் நாட்டு மருந்து சாப்பிட்ட பலருக்கு வந்திருந்தது, அந்த மருந்துகளில் பாதரசம் இருந்தது, மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். ஆகவே பெயரும் சேர்மானமும் எழுதாத பொட்டலத்தை வீட்டுக்குள் விடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், முட்டைக்கோஸ் தாராளமாகச் செய்யலாம். உருளை, சேனை, முருங்கைக்கீரை, தக்காளி ஆசைப்பட்டால், காயைப் பொடியாக நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுத் தாளியுங்கள். பொட்டாசியம் கணிசமாக இறங்கிவிடும், ருசியும் கொஞ்சம் இறங்கும், அதற்கு மிளகும் சீரகமும் பூண்டும் இருக்கின்றன. 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 48 கிராம் புரதம் போதும், அதற்கும் கீழே போய்ப் பட்டினி போடாதீர்கள். வீட்டு வாழைப்பழத்துக்குப் பதிலாக ஆப்பிள், பேரிக்காய், ஒரு சிறு துண்டு அன்னாசி. இந்தக் கட்டுப்பாடு எல்லாச் சிறுநீரக நோயாளிக்கும் பொருந்தாது, பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் இந்த வாரமே அந்த டெஸ்டை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கிட்னிக்காரர்கள் சாதா உப்புக்குப் பதில் இந்துப்பு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்களே?
– வாசகர், பாபநாசம்

பதில்: இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். சாதா உப்பை எவ்வளவு குறைக்க வேண்டுமோ அவ்வளவு இதையும் குறைக்க வேண்டும். நாள் முழுவதற்கும் எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். "சோடியம் குறைந்தது" என்று கடையில் விற்கும் உப்பு இன்னும் ஆபத்து, அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். நம் ஊரில் யூரியா, கிரியேட்டினின் ஏறினால் "ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது" என்பார்கள். அந்த உப்பு வேறு, சாப்பாட்டு உப்பு வேறு. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு, இவற்றில் போகும் உப்பை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

கேள்வி: அம்மா நடவுக்குப் போகிறவர். சாயங்காலம் வந்தால் இடுப்பும் முழங்காலும் வலிக்கிறது என்று மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். பிரஷர் உண்டு. கிட்னி பாதிக்குமா?
– வாசகி, நீடாமங்கலம்

பதில்: பாதிக்கும். அந்த "செட்"டில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கும்போது டெல்டாவில் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குனிந்தபடி நாள் முழுக்க வேர்த்து, ஒதுங்க இடம் இல்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருந்து, உடம்பு வற்றிய நேரத்தில் வலி மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். ஆந்திராவின் உத்தானத்திலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் சுகர், பிரஷர் இல்லாத விவசாயிகளுக்கே சிறுநீரகம் கெடுகிறது. அதற்குச் சந்தேகிக்கும் காரணங்களில் வெயிலில் வற்றி உழைப்பதும் ஒன்று.

இங்கேதான் ஆயுர்வேதமும் சித்தமும் எனக்கு மிகவும் பிடித்த துணை. நொச்சித் தழையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம், தன்வந்தரம் மாதிரி ஒரு தைலம் வெளியே தேய்ப்பது, சூடாகக் குளிப்பது. இவை மாத்திரை போல ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தொல்லை செய்வதில்லை. தாங்கவே முடியாத வலிக்கு அளவோடு பாராசிட்டமால். அம்மாவுக்கு ஒரு முறை கிரியேட்டினினும், சிறுநீரில் புரதமும் பாருங்கள். நன்றாக இருந்தால் வயலுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புக் குறைத்த மோர் கொடுத்தனுப்புங்கள். கூட நடுகிற பெண்கள் சேர்ந்து கேட்டால், மறைவுக்கு ஒரு தட்டி கட்டிக் கொடுக்க மிராசுதாருக்கு அரை நாள் ஆகாது.

கேள்வி: அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பழைய சோறு கேட்டு அழுகிறார். கொடுக்கலாமா? புரதம் கூடாது என்று முட்டையையும் நிறுத்திவிட்டோம்.
– வாசகர், திருவாரூர்

பதில்: தம்பி, சோற்றைப் பிழிந்து கொடுங்கள், நீராகாரத்தைக் கொடுக்காதீர்கள். உப்பு ஒரு சிட்டிகை, தொட்டுக்க ஊறுகாய்க்குப் பதில் பச்சை வெங்காயம். அந்தச் சோற்றில் இருக்கும் ஈரமும் தண்ணீர்க் கணக்கில் சேரும். முந்தைய நாள் எவ்வளவு சிறுநீர் போனதோ அதோடு 500 மில்லி, இதுதான் பொதுவான கணக்கு. சிறுநீரே போகாதவருக்கு 500 மில்லிக்குப் பக்கம்தான். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்து, காபி, ரசம், மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே கழியுங்கள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறும் ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் தண்ணீர். உப்பைக் குறைத்தால் தாகமே பாதி அடங்கும்.

முட்டையை நிறுத்தியது தவறு. டயாலிசிஸுக்கு முன்னால் சொன்ன பத்தியம் டயாலிசிஸ் தொடங்கியபின் செல்லாது. மெஷினில் புரதம் வெளியே போகிறது, ஆகவே கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். 50 கிலோ அம்மாவுக்கு 50–60 கிராம். முட்டை வெள்ளைக்கரு, மீன், கோழி கொடுங்கள். பத்தியம் என்ற பெயரில் எலும்பும் தோலுமாகி வரும் தாய்மார்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது.

போக வர கஷ்டம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வயிற்றின் வழியாக வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ் அம்மாவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள், அதற்கான பைகளை 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே தருகிறார்கள்.

கேள்வி: நான் ஆயுர்வேத மருத்துவர். சிறுநீரக நோயாளிகள் என்னிடமும் வருகிறார்கள். அலோபதி மருத்துவர்கள் எங்களோடு பேசுவதே இல்லை. எப்படிச் சேர்ந்து வேலை செய்வது?
– மயிலாடுதுறை

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. எங்கள் தரப்பில் திட்டுவோம் என்ற பயத்தில்தான் நோயாளி கஷாயத்தை மறைக்கிறார். நான் ஒரு சித்த மருத்துவரோடு சில வருடமாகச் செய்து வருவதைச் சொல்கிறேன். நோயாளி கையில் ஒரே நோட்டு. இடது பக்கம் நான் எழுதுவேன், வலது பக்கம் அவர். மூலிகையின் பெயர், அளவு, தொடங்கிய தேதி. ஒரு நேரத்தில் ஒரு மருந்து மட்டும், தொடங்குமுன் கிரியேட்டினினும் பொட்டாசியமும், இரண்டு வாரம் கழித்து மறுபடியும். எண் ஏறினால் யார் மருந்து என்று வாதாடாமல் புதிதாகச் சேர்த்ததை முதலில் நிறுத்துவோம். மூக்கிரட்டை, நெருஞ்சில், நீர்முள்ளி மூன்றும் நீர் பிரிய உங்கள் நூல்கள் சொல்பவை என்று தெரியும். ஆனால் ஏற்கெனவே நீர் பிரிக்கும் மாத்திரையான ஃப்ரூசமைடு சாப்பிடுபவருக்கு அதற்கு மேல் நீர் பிரிந்தால் பிரஷர் விழுந்துவிடும், அதனால் அவற்றைச் சேர்க்குமுன் ஒரு போன் போடுவார். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கு மட்டும் உள்மருந்து எதுவும் வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். அமுக்கரா, சீந்தில் நோய் எதிர்ப்பைத் தூண்டினால் புதுச் சிறுநீரகத்தையே உடம்பு தாக்கலாம். பம்பளிமாஸ் பழம்கூட, அந்தத் தாக்குதலைத் தடுக்க அவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

நீங்களும் ஒரு கடிதம் எழுதி நோயாளியிடமே கொடுத்தனுப்புங்கள். நாலு வரி போதும். முதல் கடிதத்துக்குப் பதில் வராவிட்டாலும் இரண்டாவதை எழுதுங்கள்.

கேள்வி: டயாலிசிஸுக்காக அப்பா கையில் ரத்தக்குழாய்களை இணைத்து பிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். கை வலிக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: அந்தக் கையை உருவக் கூடாது, சூடான ஒத்தடம் வேண்டாம், அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி போடவோ விடாதீர்கள், அதைத் தலைக்கு வைத்துத் தூங்கவும் கூடாது. தினமும் காலையில் தழும்பின் மேல் விரலை வைத்தால், பூனையின் கழுத்தைத் தடவும்போது வருகிற மாதிரி விர்ரென்று ஒரு அதிர்வு தெரியும். அது இருக்கும்வரை கவலையில்லை. ஒருநாள் தெரியவில்லை என்றால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் உடனே அழைத்துக்கொண்டு போங்கள்.