வெப்பமா, நீரா?

கேள்வி: நிலவியலில் முதுகலைப் படிப்பை முடிக்கப்போகிறேன். புவிவெப்ப ஆற்றலில் ஆய்வு செய்ய விருப்பம். அதில் வேலைவாய்ப்பு குறைவு, நிலத்தடி நீரே பாதுகாப்பான துறை என்கிறார் என் பேராசிரியர். ஒன்றில் இறங்கியபின் மற்றொன்றுக்கு மாற முடியாமல் போகுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: வேலைவாய்ப்பைப் பற்றி உங்கள் பேராசிரியர் சொல்வதில் உண்மை உண்டு. நீர் எல்லா நாட்டுக்கும் வேண்டும். மின்சாரம் எடுக்கப் போதுமான வெப்பம் அதிக ஆழமின்றிக் கிடைக்கும் இடங்களோ பெரும்பாலும் எரிமலைப் பகுதிகளையும் புவித்தட்டுகளின் விளிம்புகளையும் ஒட்டியே உள்ளன. ஆனால் இவ்விரண்டையும் தனித்தனித் துறைகளாக நீங்கள் பிரித்துப் பார்ப்பதை நான் ஏற்கவில்லை.

கிணற்றில் நீரை இறைக்கும்போது சுற்றுப்புற நீர்மட்டம் காலப்போக்கில் எவ்வாறு தாழும் என்பதைக் கணிக்க இன்றும் பயன்படும் சமன்பாட்டை அமெரிக்க நீரியலாளர் சார்லஸ் தைஸ் 1935-இல் வெளியிட்டார். திடப்பொருளில் வெப்பம் பரவுவதைக் கணிக்க ஏற்கெனவே இருந்த கணிதத்தைத்தான் அவர் நிலத்தடி நீரோட்டத்துக்குப் பொருத்தினார்.

பூமியின் மேலோட்டில் கிலோமீட்டருக்குச் சராசரியாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடுவதால், ஆழத் துளைத்தால் சூடு எங்கும் கிடைக்கும். அதை மேலே சுமந்துவர நீரும், அந்த நீர் நடமாடப் பாறையில் பிளவுகளும் வேண்டும். கலிபோர்னியாவின் கீசர்ஸ் புவிவெப்பக் களத்தில் 1960 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். 1980-களின் இறுதியில் அங்கே நீராவியின் அழுத்தம் சரியத் தொடங்கியது. பாறையில் சூடு இருந்தது. எடுத்த அளவுக்கு நீர் திரும்பிச் சேரவில்லை. 1997 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய் வழியே கொண்டுவந்து உள்ளே செலுத்தித்தான் அந்தச் சரிவை மட்டுப்படுத்தினார்கள். வெப்பத்தை நம்பி எழுந்த களத்தைக் காப்பாற்றியது நீரியல் அறிவு.

எனவே பிளவுபட்ட கடினப் பாறையில் நீரோட்டத்தையோ வெந்நீர் ஊற்றுகளின் வேதியியலையோ ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஊற்று நீரில் கரைந்துள்ள சிலிக்காவின் அளவிலிருந்து ஆழத்தின் வெப்பநிலையை மதிப்பிடலாம். அதே நீரிலுள்ள ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் (ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகியவற்றின் கனமான வகைகள்) அளவுகளைக் கொண்டு அது எந்த உயரத்தில் பெய்த மழை என்பதை ஊகிக்கலாம். கணினி மாதிரியமைப்பைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்; முதலில் நீரிறைப்புச் சோதனையை, அதாவது கிணற்றில் தொடர்ந்து நீரை இறைத்து நீர்மட்டம் தாழ்வதை அளப்பதை, இரவும் பகலும் உடனிருந்து நீங்களே நடத்திப் பழகுங்கள். களத்தைப் பார்க்காதவர் கணினியில் வரைந்த வண்ணப் படங்களை நான் எளிதில் நம்புவதில்லை.

உங்கள் மனப்போக்கையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். சில கிலோமீட்டர் ஆழமுள்ள புவிவெப்பக் கிணறு பொய்த்தால் இழப்பு மிகப் பெரிது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006-இல் ஆழத்தில் செலுத்திய நீர் நிலநடுக்கத்தைத் தூண்டியதால் திட்டமே கைவிடப்பட்டது. இத்தகைய வேலையில் "தோல்விக்கு இவ்வளவு வாய்ப்பு உண்டு" என்று முதலீட்டாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியவர் நிலவியலாளரே. அந்த வரியை எழுதக் கை தயங்காது என்றால் தயக்கமின்றி விண்ணப்பியுங்கள். ஆனால் ஆய்வு நெறியாளரிடம், கிணற்றுச் சோதனைகளின் மூலத் தரவு உங்கள் கைக்கு வருமா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.