கொழுப்பு மாத்திரை போட்டா மறதி வருமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த தடவை கொலஸ்ட்ரால் மாத்திரை பத்தியே நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதுவும் மறதியோட சேத்து கேட்டிருக்கீங்க. அதுனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): டாக்டர், எங்க வீட்டுக்காரருக்கு 61 வயசு. ஏழு மாசம் முன்னாடி அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சாங்க. இப்போ மூணு மாசமா ரொம்ப மறதி, அடுப்புல பால வச்சுட்டு மறந்துடுறார், பேசிட்டு இருக்கும்போதே ஆள் பேர் வராம அப்படியே நிக்கிறார். கொழுப்பு மாத்திரை மூளைய கெடுத்துடும்னு வாட்ஸ்அப்ல வந்த ஒரு வீடியோவ பாத்துட்டு பத்து நாளா அந்த மாத்திரைய நிறுத்திட்டார். நான் சொன்னா கேக்கல. என்ன பண்ணட்டும்?

பதில்: அம்மா, முதல்ல ஒண்ணு பண்ணுங்க. அவர் நிறுத்தின மாத்திரை அட்டைய எடுத்து பின்னாடி என்னென்ன மருந்து பேர் போட்டிருக்குன்னு பாருங்க. ஏன் சொல்றேன்னா ஸ்டென்ட் வச்சவங்களுக்கு நம்ம ஊர்ல மூணு மருந்து சேந்த ஒரே கேப்சூல எழுதிக் குடுக்கறது சகஜம், அதுல கொழுப்ப குறைக்கற அட்டார்வாஸ்டாடின் இல்லன்னா ரோசுவாஸ்டாடின் இருக்கும், கூடவே ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் இருக்கும். இந்த ரெண்டும்தான் ஸ்டென்டுக்குள்ள ரத்தம் உறையாம பாத்துக்குது. கொழுப்பு மாத்திரைய மட்டும்தான் நிறுத்தறோம்னு நெனச்சு இத்தனையும் சேத்து நிறுத்திட்டா ஸ்டென்ட் திடீர்னு அடைச்சுக்கலாம், உயிருக்கே ஆபத்து. அந்த மாதிரி கேப்சூலா இருந்தா நாளைக்குன்னு தள்ளாதீங்க, இன்னைக்கே ஹார்ட் டாக்டருக்கு போன் போடுங்க. தனி மாத்திரையா இருந்தாலும் ரெண்டு மூணு நாளுக்குள்ள போய் பாத்துடுங்க, ஏன்னா ஒரு தடவை அட்டாக் வந்தவங்களுக்கு அடுத்தது வராம தடுக்கறதுல இந்த மாத்திரைக்கு பெரிய பங்கு இருக்கு.

சரி, இப்போ மறதிக்கு வருவோம். உங்க வீட்டுக்காரர் சொல்றது பொய்யும் இல்ல, மனப்பிரமையும் இல்ல. ஸ்டாடின்ங்கற இந்த கொழுப்பு மாத்திரை போட்டவங்கள்ல சில பேருக்கு மறதியும் குழப்பமும் வந்ததா புகார் வந்து, 2012-ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மருந்தோட விவரத்தாள்லயே அத சேக்க சொன்னாங்க. அதுல முக்கியமா ரெண்டு விஷயம். இந்த மறதி பொதுவா கடுமையா இருக்கல, மாத்திரைய நிறுத்தினதும் சரியாயிடுச்சு, பாதி பேருக்கு மூணு வாரத்துக்குள்ளயே. ஆனா ஆரம்பிக்கற காலம்தான் ஒருத்தருக்கு ஒரே நாள், இன்னொருத்தருக்கு பல வருஷம்னு ஒரு ஒழுங்குல இல்ல. "மூளைய கெடுத்துடும், திரும்பவே வராது"ன்னு வீடியோவுல சொல்றதுக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம்னு நீங்களே பாருங்க.

ஆனா உங்க வீட்டுக்காரர் விஷயத்துல என் மனசு வேற இடத்துக்கும் போகுது. அட்டாக் வந்து வீட்டுக்கு வந்தவங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் உக்காந்துடும், ராத்திரி தூக்கம் வராது, நெஞ்சு லேசா பிடிச்சா கூட முழிச்சுக்குவாங்க. மன அழுத்தத்துல வர்ற மறதி அச்சு அசலா இப்படித்தான் இருக்கும், பேர் வராது, பால் பொங்கும். அப்புறம் ஆஸ்பத்திரில தூக்கத்துக்குன்னு அல்ப்ரஸோலம் மாதிரி மாத்திரை எழுதியிருந்தாங்களான்னு பாருங்க, அத மாசக்கணக்குல போட்டா மறதி வரும்ங்கறது நல்லா தெரிஞ்ச விஷயம். சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருஷமா போடுறவரா இருந்தா வைட்டமின் பி12 குறைஞ்சு மறதி வந்திருக்கலாம். தைராய்டு டெஸ்ட்டும் கண்டிப்பா எடுங்க. தைராய்டு கம்மியா சுரந்தா கொலஸ்ட்ராலும் ஏறும், மறதியும் வரும், தசையும் வலிக்கும். அந்த ஒரு ரத்த டெஸ்ட் எடுக்காம பழிய மாத்திரை மேல போட்டு வருஷக்கணக்கா கஷ்டப்பட்டவங்கள நான் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, இது எல்லாருக்கும். பேச்சு திடீர்னு குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை மட்டும் பலம் இல்லாம போனாலோ, இருக்கற இடமே தெரியாம சட்டுன்னு குழம்பினாலோ அது மாத்திரையோட வேலையா இருக்கும்னு உக்காந்து யோசிக்காதீங்க. பக்கவாதமா இருக்கலாம், உடனே 108-க்கு கூப்பிடுங்க.

என்கிட்ட ஒருத்தர் வந்துட்டிருந்தார், பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். இதே மாதிரி ஒரு வீடியோவ பாத்து மாத்திரைய விட்டார், நாலு மாசத்துல ரெண்டாவது அட்டாக். விட்டதுதான் காரணம்னு அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நாள் "மறதியா இருக்கு சார்"னு என்கிட்ட சொன்னார், கூட்டமா இருந்துச்சு, வயசாச்சுல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். அன்னைக்கு அஞ்சு நிமிஷம் உக்கார வச்சு கேட்டிருந்தா அவர் அந்த வீடியோகிட்ட போயிருக்க மாட்டார். அது இன்னைக்கும் உறுத்துது.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர், 35 வயசு): உடம்புல இருக்கற கொலஸ்ட்ரால்ல கால்வாசி மூளைலதான் இருக்குன்னு படிச்சேன். அப்போ கொலஸ்ட்ரால குறைச்சா மூளை பாதிக்கத்தானே செய்யும்?

பதில்: தம்பி, நீங்க படிச்சது சரி. உடம்பு எடைல மூளை 2 சதவீதம்தான், ஆனா மொத்த கொலஸ்ட்ரால்ல 20-ல இருந்து 25 சதவீதம் அங்கதான் இருக்கு, நரம்பு மேல ஒயருக்கு உறை போட்ட மாதிரி சுத்தியிருக்கே அதுலதான் பெரும்பகுதி. ஆனா ரத்தத்துல ஓடுற கொலஸ்ட்ரால் மூளைக்குள்ள போறதில்ல, நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. மூளை தனக்கு வேண்டியத தானே தயார் பண்ணிக்குது. ஸ்டாடின் முக்கியமா வேலை செய்யறது கல்லீரல்ல, அங்க கொலஸ்ட்ரால் தயாராகறத குறைச்சா கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்துல இருக்கற கெட்ட கொழுப்ப இழுத்துக்குது, ரிப்போர்ட்ல எல்டிஎல்னு போட்டிருக்கற அந்த கெட்ட கொழுப்பு இறங்குது.

சந்தேகம் எங்க வந்துச்சுன்னா, சிம்வாஸ்டாடின், அட்டார்வாஸ்டாடின் ரெண்டும் கொழுப்புல கரையற ஜாதி, அதுனால அந்த தடுப்ப தாண்டி கொஞ்சம் உள்ள போக முடியும். ரோசுவாஸ்டாடினும் ப்ராவாஸ்டாடினும் தண்ணில கரையறது, உள்ள போறது கம்மி. சந்தேகம் நியாயமானதுதான், அதுனாலதான் பெரிய ஆராய்ச்சிலயும் இத தேடினாங்க. பிரிட்டன்ல 20,536 பேர வச்சு நடந்த ஹார்ட் ப்ரொடெக்ஷன் ஸ்டடில (2002-ல வெளியானது) பாதி பேருக்கு சிம்வாஸ்டாடின் 40 மில்லிகிராம், பாதி பேருக்கு மருந்தில்லாத மாத்திரைன்னு சராசரியா அஞ்சு வருஷம் குடுத்து, கடைசில ஞாபக சக்தியும் சோதிச்சாங்க, ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்ல. அப்புறம் ஸ்டாடினோட எவோலோகுமாப்ங்கற ஊசியும் போட்டு எல்டிஎல்ல 25-க்கும் கீழ இறக்கினவங்களோட ஞாபக சக்தியையும் சோதிச்சு 2017-ல வெளியிட்டாங்க, அவ்வளவு கீழ போயும் குறையல. இன்னும் சொல்லப்போனா நடு வயசுல எல்டிஎல் கூட இருக்கறத பின்னாடி டிமென்ஷியாங்கற மறதி நோய் வர்றதுக்கான காரணங்கள்ல ஒண்ணா 2024-ல லான்செட் மருத்துவ இதழோட நிபுணர் குழு சேத்திருக்கு. உங்க வயசுக்கு நீங்க யோசிக்க வேண்டியது அதத்தான்.

கேள்வி (திருச்சி வாசகி): அம்மாவுக்கு 79 வயசு, டிமென்ஷியா ஆரம்பம்னு சொல்லிட்டாங்க. பத்து வருஷமா கொழுப்பு மாத்திரை போடுறாங்க. அதுதான் காரணமா? நிறுத்திடலாமா?

பதில்: அதுதான் காரணம்னு சொல்ல ஆதாரம் இல்லம்மா, பத்து வருஷமா நீங்க கைல எடுத்துக் குடுத்த மாத்திரைய நெனச்சு குற்ற உணர்ச்சில இருந்துடாதீங்க. 70-ல இருந்து 82 வயசு வரைக்கும் உள்ள 5,804 பேர்கிட்ட ப்ராவாஸ்டாடின வச்சு பண்ணின ஆராய்ச்சில மூணு வருஷத்துல ஞாபக சக்தி கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நிறுத்தறதுங்கறது எதுக்காக ஆரம்பிச்சாங்கங்கறத பொறுத்தது. அட்டாக்கோ பக்கவாதமோ வந்து ஆரம்பிச்சிருந்தா தொடரணும். ரிப்போர்ட்ல கொஞ்சம் கூட இருந்துச்சுன்னு மட்டும் ஆரம்பிச்சதுன்னா, இப்போ அம்மா சாப்பிடவே கஷ்டப்பட்டு மாத்திரைய துப்பற நிலைமைன்னா, டாக்டரே நிறுத்த சொல்லலாம், அதுல தப்பில்ல.

கேள்வி (மதுரை வாசகர்): கெமிக்கல் மாத்திரை வேணாம்னு பூண்டும் கொள்ளும் சாப்பிடுறேன், ஆன்லைன்ல சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்சூலும் வாங்கிட்டேன். இதுல மறதி பயம் இல்லையே?

பதில்: பூண்டும் கொள்ளும் தாராளமா சாப்பிடுங்க, ஆனா மாத்திரை அளவுக்கு கொழுப்ப இறக்கும்னு நம்பி இருந்துடாதீங்க. சிவப்பு ஈஸ்ட் அரிசி வேற கதை. அதுல இருக்கற மோனகோலின் கே-யும் 1987-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின லோவாஸ்டாடினும் ஒரே பொருள். நீங்க பயந்து விட்ட மருந்து ஜாதியவே அளவு தெரியாம சாப்பிடுறீங்க. ஸ்டாடின் வந்த வழியும் இயற்கைதான், ஜப்பான்ல அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகள சோதிச்சு 1973-ல ஒரு பென்சிலியம் பூஞ்சைல இருந்துதான் முதல் ஸ்டாடின எடுத்தார். அந்த கேப்சூல விட்டுட்டு டாக்டர பாருங்க.

கேள்வி (சேலம் வாசகி, கல்லூரி ஆசிரியை, 48 வயசு): அட்டார்வாஸ்டாடின் 20 ஆரம்பிச்ச ரெண்டாவது மாசத்துல இருந்து க்ளாஸ்ல பாடம் நடத்தும்போதே வார்த்தை வர மாட்டேங்குது. அட்டாக் எதுவும் வந்ததில்ல. டாக்டர்கிட்ட சொன்னா "எல்லாம் உங்க நெனப்பு"ங்கறார்.

பதில்: நீங்க சொல்றத நான் நம்பறேன். பேசியே பொழைக்கிறவங்களுக்கு வார்த்தை வரலன்னா எவ்வளவு பயமா இருக்கும்னு புரியுது. நெனப்புங்கறதுலயும் ஒரு உண்மை இருக்கு, ஆனா அத சொல்ற விதம் அது இல்ல. தொந்தரவால ஸ்டாடின விட்ட 60 பேருக்கு ஒரு மாசம் ஸ்டாடின், ஒரு மாசம் மருந்தில்லாத மாத்திரை, ஒரு மாசம் எதுவும் இல்லாமன்னு மாத்தி மாத்தி ஒரு வருஷம் பாத்தாங்க, 2020-ல வெளியாச்சு. ஸ்டாடின்ல வந்த தொந்தரவுல 90 சதவீதம் மருந்தில்லாத மாத்திரைலயும் வந்துச்சு. பட்ட கஷ்டம் நிஜம், காரணம்தான் மருந்து இல்ல. ஆனா மீதி பத்து சதவீதம் இருக்கே, உங்க தொந்தரவு அந்த வகையான்னு உங்க முகத்த பாத்து யாராலயும் சொல்ல முடியாது, சோதிச்சுத்தான் பாக்கணும். அதோட 48 வயசுல மாதவிடாய் நிக்கப் போற சமயத்துலயும் இதே மாதிரி வார்த்தை தடுமாறும், தூக்கம் கெடும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

அடுத்த தடவை போகும்போது ஒரு பேப்பர்ல எழுதிட்டு போங்க: மாத்திரை ஆரம்பிச்ச தேதி, முதல்ல மறதி தெரிஞ்ச தேதி, போடுற மத்த மாத்திரை எல்லாம், சளி மாத்திரை உட்பட. டிஎஸ்எச்ங்கற தைராய்டு டெஸ்ட், பி12 ரெண்டும் எடுத்துட்டு போங்க. "ஒரு மாசம் நிறுத்திப் பாத்துட்டு மறுபடி ஆரம்பிக்கலாமா டாக்டர்"னு நேரடியா கேளுங்க, அட்டாக் வராத உங்களுக்கு இது பெரும்பாலும் முடியற விஷயம்தான். நிறுத்தினதும் தெளிஞ்சு, ஆரம்பிச்சதும் திரும்பி வந்தா அது பலமான சாட்சி. அப்பவும் வழி இருக்கு, ரோசுவாஸ்டாடினுக்கு மாத்தலாம், இல்ல அளவ பாதியாக்கலாம், பாதியாக்கினா எல்டிஎல் இறங்கறதுல சுமார் 6 சதவீதம்தான் விட்டுப்போகும், அத எசெடிமைப்ங்கற வேற வகை கொழுப்பு மாத்திரைய சேத்து ஈடு கட்டலாம். இதெல்லாம் சொல்லியும் அவர் காது குடுக்கலன்னா வேற டாக்டர பாக்கறதுல எந்த தப்பும் இல்ல. டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்க.