வெட்டித் தைத்த ஸ்வெட்டர் ஓரம் நெளிகிறதா?

ஓரத்தைப் பிரிக்க வேண்டாம். அப்பாவின் ஸ்வெட்டரில் மகளுக்குத் தைத்த மேல்சட்டையின் கீழ் ஓரம் அலை அலையாக நிற்கிறது என்றீர்கள். கம்பளியாக இருந்தால் ஆவியே பெரும்பாலும் சரிசெய்துவிடும். ஸ்டீம் இஸ்திரியைத் துணியில் வைக்காமல், ஒரு விரல் உயரத்தில் பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். ஓரத்தைக் கையால் மெல்ல உள்ளே கூட்டுங்கள். நன்றாக ஆறும்வரை தொடாதீர்கள்.

ஆவி காட்டும் முன், கம்பளிதானா என்று அறிய ஒரு நூலை உருவி, பாத்திரம் கழுவும் தொட்டிமேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் அக்ரிலிக் போன்ற செயற்கை நூல். அதற்குச் சூடான ஆவி பட்டால் துணி தொய்ந்துவிடும், மீட்க முடியாது.

காரணம் அநேகமாக மெஷினில் துணியை மேலிருந்து அழுத்தும் பாதத்தின் (பிரஸ்ஸர் ஃபுட்) அழுத்தம்தான். பின்னல் துணியை அது இழுத்து நீட்டிக்கொண்டே தைக்கும். அழுத்தத்தைக் குறைத்து, முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி போட்டு, ஜிக்ஜாக்கில் தையுங்கள். வெட்டிப்போட்ட மிச்சத் துணியில் 10 செ.மீ. குறித்து, பின்னல் வரிசைக்குக் குறுக்கே அல்ல, சட்டை ஓரம் போகும் திசையிலேயே தைத்து அளந்து பாருங்கள். 11 காட்டினால் இன்னும் குறைக்க வேண்டும். அழுத்தம் மாற்றும் திருகு இல்லாத மெஷினா? அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துவிட்டு, அப்புறம் கிழித்தெடுங்கள்.

துவைத்தால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு மூங்கில் கம்பில் மாட்டாதீர்கள். ஈரக் கம்பளி தன் கனத்திலேயே நீண்டுவிடும். துண்டில் சுருட்டி, முறுக்காமல் அழுத்தி நீரை எடுத்து, மின்விசிறிக்குக் கீழே விரித்துக் காயவையுங்கள்.