கடல் பயணத்துக்கு முதல் செக்ஸ்டன்ட் வாங்குகிறேன். பிளாஸ்டிக்கா, உலோகமா? எதைப் பார்த்து வாங்குவது?

சூரியனும் நட்சத்திரமும் தொடுவானத்துக்கு மேல் எத்தனை கோணத்தில் நிற்கின்றன என்று அளந்து, கடலில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவிதான் செக்ஸ்டன்ட். நேரில் கையில் எடுத்துப் பார்க்க முடியுமென்றால், பழைய உலோக செக்ஸ்டன்ட் வாங்குங்கள். முடியாதென்றால் டேவிஸ் மார்க் 15 அல்லது மார்க் 25 போன்ற பிளாஸ்டிக் கருவியில் ஆரம்பிக்கலாம். பளபளக்கும் பித்தளையில், மரப்பெட்டியோடு வரும் அலங்காரப் பொருள் மட்டும் வேண்டவே வேண்டாம். ‘கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917’ என்று பொறித்தவை இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அந்த இரு நிறுவனங்களும் ஒன்றாகச் சேர்ந்ததே 1947இல்தான்.

பலர் இண்டெக்ஸ் பிழையை, அதாவது பூஜ்யத்திலேயே கருவி காட்டும் சிறு தவறை, கண்டு பயந்து நல்ல கருவியை விட்டுவிடுகிறார்கள். அளவைப் பூஜ்யத்தில் வைத்துத் தொடுவானத்தைப் பாருங்கள். நேரில் தெரியும் கோடும் கண்ணாடியில் தெரியும் கோடும் சேராவிட்டால், சேரும்வரை டிரம்மை, அதாவது நுண்ணளவு காட்டும் திருகு உருளையை, திருகுங்கள். அது காட்டும் அளவுதான் பிழை. இரண்டு மூன்று நிமிடக் கோணம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு நிமிடம்) இருந்தால் இருக்கட்டும், ஒவ்வொரு முறையும் கூட்டியோ கழித்தோ கொள்ளலாம்.

டிரம்மின் திருகு கடித்து நகரும் பற்கள் தேய்ந்திருப்பதுதான் உண்மையான தொல்லை. டிரம்மை ஒரு பக்கமாகத் திருகி இரண்டு கோடுகளையும் சேர்த்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தாண்டிப் போய், எதிர்ப்பக்கமாகத் திருகி மறுபடி சேர்த்துப் பாருங்கள். இரண்டு அளவுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் வாங்க மாட்டேன். ஒரு நிமிடக் கோணம் என்றால் கடலில் ஒரு கடல் மைல்.

அடுத்து, கருவியின் நகரும் கையை 35 டிகிரி அருகில் வைத்து, மேல் கண்ணாடிக்குள் சாய்வாகப் பாருங்கள். வெளியே தெரியும் அளவுகோல் வளைவும் உள்ளே பிரதிபலிக்கும் வளைவும் ஒரே கோடாக ஓட வேண்டும். படி போல உடைந்து தெரிந்தால் கண்ணாடி சாய்ந்திருக்கிறது. திருகாணி துருப்பிடிக்காமல் சுற்றினால் சரிசெய்துவிடலாம். கண்ணாடியின் ஓரம் கறுத்திருந்தாலும் பரவாயில்லை, மாற்றலாம். சட்டம் வளைந்திருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். பெட்டி மூடிக்குள் ஒட்டியிருக்கும் சான்றிதழின் எண்ணும் சட்டத்தில் பொறித்த எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள்.

காசென்ஸ் அண்ட் பிளாத், டமாயா, ஃபிரைபெர்கர், ரஷ்யாவின் எஸ்என்ஓ-டி எல்லாமே உழைக்கும் கருவிகள். புதிதாகத்தான் வேண்டுமென்றால் சீனாவின் அஸ்ட்ரா 3பி, அலுமினியச் சட்டம். தொடுவானம் பார்க்கும் கண்ணாடி முழுக் கண்ணாடியா (முழுப் பரப்பிலும் பிரதிபலிப்பும் ஊடுருவலும் உள்ளது), பாதிக் கண்ணாடியா (ஒரு பாதி பிரதிபலிக்கும், மறுபாதி வெறும் கண்ணாடி) என்றும் கேட்பார்கள். சூரியனைப் பிடிக்க முழுக் கண்ணாடி சுலபம். ஆனால் அந்தி வேளையில் நட்சத்திரம் பார்க்கும்போது, ஏற்கெனவே மங்கலான தொடுவானத்தை அது இன்னும் மங்கலாக்கும். அதனால் என் ஓட்டு பாதிக் கண்ணாடிக்கு. 4x40 தொலைநோக்கி (நாலு மடங்கு பெரிதாக்கும், 40 மி.மீ. வில்லை) இருந்தால் போதும்.

பிளாஸ்டிக் வாங்கினால் வெயிலில் கிடக்க விடாதீர்கள். சூடேறினால் இண்டெக்ஸ் பிழை நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு அளவுக்கு முன்பும் பின்பும் அதைச் சரிபாருங்கள். டிரம்மை எப்போதும் ஒரே திசையில் திருகி முடித்துக்கொள்ளுங்கள். இப்படிப் பழகினால் அதை நம்பியே கரை சேரலாம்.

நல்ல கடிகாரத்துக்கும் சூரியன், நட்சத்திரங்களின் இருப்பிடத்தை நேரவாரியாகத் தரும் அந்த ஆண்டின் நாட்டிகல் அல்மனாக்குக்கும் பணம் மிச்சம் வையுங்கள். நேரம் நாலு விநாடி பிசகினால் தீர்க்கரேகை ஒரு நிமிடம் பிசகும். கடலுக்குப் போகுமுன் தரையிலேயே பழகலாம். காற்றுப்படாத தட்டில் எண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் சூரியனோடு கண்ணாடிச் சூரியனைச் சேர்த்துப் பாருங்கள், கருவியில் இருக்கும் கறுப்பு வடிகண்ணாடிகளை மறக்காமல் போட்டுக்கொண்டு. வரும் கோணத்தில் முதலில் இண்டெக்ஸ் பிழையைத் திருத்துங்கள், அப்புறம் பாதியாக்குங்கள்.