லேசர் செய்தால் பவுத்திரம் திரும்பவே வராதா?

கேள்வி: வயது 43, சர்க்கரை நோய் உண்டு. ஆசனவாய் அருகே கட்டி உடைந்து எட்டு மாதமாகச் சீழ் கசிகிறது. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டால் நிற்கிறது. பிறகு வலி, குளிர் காய்ச்சல் வந்து மறுபடி உடைகிறது. பவுத்திரம், ஆபரேஷன் வேண்டும் என்கிறார் டாக்டர். அறுத்தால் மலத்தை அடக்க முடியாதாமே? லேசர் செய்தால் திரும்பவே வராது என்று விளம்பரத்தில் பார்த்தேன். இது புற்றுநோயாகுமா? கத்தரிக்காய் சாப்பிடலாமா?

பதில்: ஆசனவாயின் உள்ளிருந்து வெளித்தோல் வரை சீழ் குடைந்த குழாய்தான் பவுத்திரம். மலத்தை அடக்குவது ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்குத் தசை. பவுத்திரக் குழாய் அந்தத் தசையில் எவ்வளவு பகுதியைத் துளைத்துச் செல்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டும். மேலோட்டமாகச் சென்றால் குழாயைத் திறந்துவிடும் பழைய ஆபரேஷனே போதும். பத்தில் ஒன்பது பேருக்குக் குணமாகும், அடக்கும் சக்தி பெரும்பாலும் கெடாது. தசையை ஆழமாகத் துளைத்திருந்தால் அறுப்பது ஆபத்து. லேசருக்கு அங்கேதான் வேலை. மெல்லிய இழையைக் குழாய்க்குள் செலுத்தி, மெதுவாக வெளியே இழுத்தபடி உட்சுவரைச் சுட்டுச் சுருங்க வைப்போம். தசை தப்பிக்கும். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறாமல் போகிறது, அல்லது திரும்ப வருகிறது. 'திரும்பவே வராது' என்று விளம்பரக்காரர்தான் எழுதிக் கொடுப்பார். ஸ்கேன் பார்க்காமலே லேசருக்குத் தேதி குறிக்கிறார்களா? எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்குக் கவலை தந்தது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தக் குளிர் காய்ச்சல். கசிவு நின்றதும் காய்ச்சல் வருகிறது என்றால் சீழ் வற்றவில்லை. குழாயின் வாய் அடைபட்டு உள்ளே தேங்குகிறது. மாத்திரை அதை வெளியேற்றாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது ஓரிரு நாளில் விதைப்பை, தொடை இடுக்கு வரை பரவி உயிருக்கே உலை வைத்துவிடும். கசிவு நின்று, விண்விண்ணென்று தெறித்து, உட்கார முடியாமல் காய்ச்சல் அடித்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கீறிச் சீழை வடிப்பார்கள். சீழ் தேங்கியிருக்கும்போது லேசர் செய்யக் கூடாது. பலருக்குச் சீழ் வடிவதற்காகக் குழாயில் நூல் கோத்துச் சில வாரம் விட்டு, கசிவு அடங்கிய பிறகே அடுத்த கட்டம். மருந்துக்கடை ஆன்டிபயாடிக்கை இன்றோடு நிறுத்துங்கள்.

புற்றுநோய் பல ஆண்டுப் பழைய பவுத்திரத்தில் மிக அபூர்வமாக வருவது; எட்டு மாதத்துக்கு அந்தப் பயம் வேண்டாம். நம் நாட்டில் காசநோயும் சில சமயம் பவுத்திரமாக வரும் என்பதால், ஆபரேஷனில் எடுக்கும் சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கத்தரிக்காய் தாராளமாகச் சாப்பிடலாம். அறுவை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மூன்று மாத சராசரி சர்க்கரை ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். அது கட்டுக்குள் இல்லாவிட்டால், லேசரோ கத்தியோ, புண் ஆற இழுத்தடிக்கும்.