மலையைப் பார்க்கும் முதுகு

அன்புள்ள அண்ணா,

போன வாரம் வீட்டில் ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ பார்த்தோம். தொடக்கத்தில் ரொம்ப நேரம் நாயகனின் முகத்தைக் காட்டவே இல்லை, முதுகும் தொப்பியும்தான். “நம்ம படத்துல வர்ற ஹீரோ என்ட்ரிதானே இது? பூட்ஸ், கை, முதுகு, கடைசியில முகம்” என்றார் அப்பா. எனக்கு அது வேறு ஏதோ என்று பட்டது, ஆனால் என்ன வித்தியாசம் என்று சொல்லத் தெரியவில்லை. நம் டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் நண்பர்களோடு ஒரு சாகசக் குறும்படம் எடுக்கப் போகிறேன். மலையில் ஒன்றைத் தேடிப் போகும் பெண், அவளோடு ஜூலு இனத்து வழிகாட்டி ஒருவன். அவளையும் முதுகிலிருந்து அறிமுகப்படுத்தலாமா?

ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

அன்புள்ள தங்கைக்கு,

அப்பா சொன்னதில் பாதி சரி. முகத்தை ஒளித்து ஆவலைக் கிளப்புவது இரண்டிலும் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். நம்முடைய என்ட்ரியில் ஊரே நாயகனைப் பார்க்கிறது. கடைக்காரர் நிமிர்கிறார், அடியாள் வாயைப் பிளக்கிறான். வருபவன் எவ்வளவு பெரிய ஆள் என்பதை அவர்கள் முகத்தில் படிக்கிறோம். ஸ்பீல்பெர்க்கின் இந்த 1981 படத்தில் பார்க்கிற வேலை நாயகனுடையது. பாரமவுண்ட் நிறுவனத்தின் மலைச் சின்னம் கரைந்து நிஜமான சிகரமாகிறது, அதன் முன்னால் ஒரு தொப்பிக்காரன் வந்து நமக்கு முதுகு காட்டி நிற்கிறான். அவனைப் பார்க்க உட்கார்ந்த நாம், அவன் பார்ப்பதைப் பார்க்க ஆரம்பிக்கிறோம்.

அடுத்து வருவதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மரத்தில் ஒரு சிறிய விஷ அம்பு. அவன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிட்டு நடக்கிறான். பின்னால் வரும் வழிகாட்டி அதையே எடுத்து, விஷம் இன்னும் புதிதாக இருக்கிறது என்று பதறுகிறான். ஒரே அம்பு, இரண்டு உடம்பு. இவன் பழகியவன், அவன் பயந்தவன் என்று இரண்டு பேரையும் அங்கேயே தெரிந்துகொள்கிறோம். அப்புறம் ஓடைக்கரையில், பின்னாலிருந்து ஒருவன் துப்பாக்கியை எடுக்கிறான். சத்தம் காதில் விழுந்த கணமே நாயகன் திரும்ப, சாட்டை துப்பாக்கியைத் தட்டிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிறான், முகம் தெரிகிறது. அவன் எப்படிப்பட்டவன் என்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டதால், அந்த முகம் புதிதாக எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

குகைக்குள்ளும் இதேதான். வெளிச்சம் விழும் இடத்தில் நின்று யோசிக்கிறான், தரையைத் தட்டிச் சோதிக்கிறான், பொற்சிலைக்குப் பதிலாக வைக்கும் மணல் பையிலிருந்து கொஞ்சம் மணலைக் கொட்டி எடையைச் சரிபார்க்கிறான். அத்தனை கவனமாக இருந்தும் கணக்கு தப்பிவிடுகிறது, பீடம் இறங்குகிறது. ஒருவன் தன் கண்ணாலும் கையாலும் நிலத்தை அளப்பதும், நிலம் அந்த அளவை மீறுவதும்தான் சாகசப் படம் என்பது என் கட்சி. அதனால்தான் முகத்துக்கு முன்னால் முதுகு வருகிறது. கடைசியில் அவன் வெளியே வந்து விழும்போது அவனுடைய எதிரி பெல்லாக் மேலே நின்று குனிந்து பார்க்கிறான். இப்போது பார்க்கப்படுகிறவன் நம் ஆள். சிலை பறிபோகப் போகிறது என்பதை வசனத்துக்கு முன்பே அந்த உயர வித்தியாசம் சொல்லிவிடுகிறது.

2014இல் இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் இந்தப் படத்தின் நிறத்தையும் வசனத்தையும் எடுத்துவிட்டு, காட்சியமைப்பை மட்டும் கவனியுங்கள் என்று கறுப்பு வெள்ளையில் வெளியிட்டார். நீங்களும் ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

இனி நம் தென்னாப்பிரிக்காவுக்கு வருகிறேன். நீங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகும் அதே மலையில்தான் 1964இல் வந்த ‘ஜூலு’வின் பெரும்பகுதியை எடுத்தார்கள். கதை 1879 ஜனவரியில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கும் ஜூலு வீரர்களுக்கும் நடந்த சண்டை. உண்மையான இடத்தில் பின்னால் நிற்பது ஷியானே என்ற குன்று. இயக்குநர் சை எண்ட்ஃபீல்ட் ராயல் நேட்டால் பூங்காவில் செட் போட்டார். சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளும் ஆம்பிதியேட்டர் பாறைச்சுவர் இருக்கும் இடம் அது. அந்த மலைகள் பின்னால் எழுந்ததும் ஒரு மிஷன் நிலையத்துச் சண்டை காவியமாகிவிட்டது.

ஜூலு வீரர்கள் வரும் காட்சியில் முதலில் தூரத்து ரயில் போல ஒரு சத்தம். கேடயங்களைத் தட்டும் சத்தம் அது. பிறகு மலை விளிம்பு முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஆட்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும், கூடவே கோபமும் வரும். தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கும் சிப்பாய்களுக்குப் பெயர் உண்டு, க்ளோஸப் உண்டு. மலையில் நிற்பவர்களுக்கு அகலம் மட்டும்தான், அவர்களும் மலையின் ஒரு பகுதியாகிவிடுகிறார்கள். முதல் தாக்குதல் முடிந்ததும், குன்றின் மேல் இருக்கும் பெரியவர் தன் வீரர்களின் உயிரைக் கொடுத்து உங்கள் துப்பாக்கிகளை எண்ணுகிறார் என்று ஒரு போயர், அதாவது டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறி, சிப்பாய்களுக்கு விளக்குகிறார். அந்தக் களத்தில் நிலத்தை அளக்கத் தெரிந்த ஆள் அந்தப் பெரியவர்தான்! அவர் கணக்கை நாம் அவர் வாயால் கேட்பதில்லை. ஒரு வெள்ளைக்காரர் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் ஜூலு மன்னர் செட்ஷ்வாயோவாக நடித்த மங்கோசுத்து புத்தெலேசி, அந்த மன்னரின் கொள்ளுப்பேரன். படம் வெளிவந்தபோது, படத்தில் நடித்தவர்களுக்கான சில தனிக் காட்சிகளைத் தவிர, இங்கே கறுப்பின மக்கள் அதைப் பார்க்க அன்றைய இனவெறி அரசு தடை போட்டது.

‘ஜூலு’வுக்கு இரண்டு வருஷம் முன்னால் வந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் நடிகர் ஒமர் ஷெரீஃப் வருவதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கானலுக்குள் ஒரு புள்ளி. ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங் அதற்கென்றே 482 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்திருந்தார். புள்ளி ஒட்டகமாகி, ஆளாகி, ஆழத்திலிருந்து நம்மை நோக்கி நிதானமாக வருகிறது. நடுவில் ஒரு குண்டு, கிணற்றடியில் ஒருவன் சாகிறான். சுட்டவன் எதிராளிதான், ஆனால் அவனுக்கு நேரமும் ஆழமும் கொடுத்ததால் அவன் ஒரு மனிதனாக வந்து இறங்குகிறான்.

ஆக, உங்கள் பெண்ணை முதுகிலிருந்து காட்டலாம், அவள் ஒன்றைக் கவனமாகப் பார்க்கிறாள் என்றால். சும்மா ஸ்டைலுக்கு என்றால் வேண்டாம். எனக்கு அவளை விட அந்த வழிகாட்டி மேல்தான் அக்கறை. அவனை எல்லா ஃபிரேமிலும் ஓரமாக, மலையோடு மலையாக நிறுத்திவிடாதீர்கள். தடம் பார்க்கத் தெரிந்தவன் அவன் என்றால் கேமரா அவன் முதுகுக்குப் பின்னாலும் போய் நிற்கட்டும், பாதையைப் பற்றி அவனே பேசட்டும். கோடையில் போவதானால் விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். காலை வெயில் நேராகப் பாறைச்சுவரில் விழும், மத்தியானத்துக்கு மேல் அங்கே இடிமழை பிடித்துக்கொள்ளும்.

அன்புடன்,
அண்ணன், டர்பன்